500 ரூபாய்ப் பொட்டலத்தில் யாருக்கு எவ்வளவு?

பேப்பரில் இந்த மாதிரிச் செய்தியை எல்லாரும் பார்த்திருப்போம். நாகர்கோவில் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கிய இளைஞரிடம் 25 கிலோ கஞ்சா பறிமுதல், மதிப்பு பன்னிரண்டரை லட்சம். நாலு வரி தள்ளி, கொண்டு வந்து சேர்த்தால் 10 ஆயிரம் தருவதாக அவரிடம் சொல்லியிருந்தார்கள் என்று இருக்கும். வாசிக்கிறவருக்குக் குழப்பம் இங்கேதான். இவ்வளவு பெரிய சரக்கைச் சுமந்தவருக்கு நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்றால் மிச்சம் யாருக்குப் போகிறது? டீக்கடையில் கேட்டால் 'எல்லாம் மேல இருக்கவனுக்கு' என்பார்கள். அது பாதி சரி. மேலே ஒரே ஆள் இல்லை, ஐந்தாறு படி இருக்கிறது. படிக்குப் படி லாபமும் வேறு, மாட்டினால் இழப்பதும் வேறு.

## முதலில் அந்த 'மதிப்பு'

பறிமுதல் செய்தியில் வரும் மதிப்பு, சரக்கை வாங்கிய விலை இல்லை. அத்தனையும் பொட்டலம் பொட்டலமாகக் கடைசி ஆள் கைக்குப் போயிருந்தால் என்ன வசூலாகியிருக்கும் என்ற கணக்கு அது. எடையைச் சில்லறை விலையால் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். எந்த ஊர்ச் சில்லறை விலை என்று மாற்றினால் தொகையும் தாறுமாறாக மாறும்.

2023 மே மாதம் அரபிக்கடலில் கடற்படையும் மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவும் சேர்ந்து சுமார் 2,500 கிலோ மெத்தாம்பெட்டமைன் என்ற செயற்கைப் போதைப்பொருளைப் பிடித்தன. 'ஆபரேஷன் சமுத்திரகுப்த்' என்று பெயர். முதலில் சொன்ன மதிப்பு 12,000 கோடி, அடுத்த இரண்டு நாளுக்குள் அது 25,000 கோடி ஆனது. எடை இரண்டு மடங்காகவில்லை, 2,500-ஐ ஒட்டியேதான் இருந்தது. கிலோவுக்குப் போட்ட விலைதான் 5 கோடிக்குக் கீழே இருந்து 10 கோடியை நெருங்கியது.

நம்ம பக்கத்துக் கடலிலேயே இன்னும் இரண்டு உதாரணம் உண்டு. 2021 மார்ச்சில் கேரளாவின் விழிஞ்ஞத்துக்குக் கொண்டு வரப்பட்ட இலங்கைப் படகில் 300 கிலோ ஹெராயின், மதிப்பு 3,000 கோடி, அதாவது கிலோ 10 கோடி. 2022 மே மாதம் லட்சத்தீவுப் பக்கம், தமிழகக் கரையிலிருந்து போன இரண்டு மீன்பிடிப் படகுகளில் 218 கிலோ ஹெராயின், மதிப்பு 1,526 கோடி, கிலோ 7 கோடி. ஹெராயின் விலை ஒரே வருடத்தில் 3 கோடி இறங்கிவிட்டது என்று யாராவது இதை வைத்துச் சொன்னால் நம்ப வேண்டாம். கணக்குப் போட எடுத்த விலை வேறு, அவ்வளவுதான்.

இப்போது மறுமுனையைப் பாருங்கள். ஆப்கானிஸ்தானில் ஒரு கிலோ அபினுக்கு விவசாயிக்குக் கிடைத்த சராசரி விலை 2023 ஆகஸ்டில் 408 டாலர். ஐ.நா.வின் போதைப்பொருள் அலுவலகம் சொன்ன கணக்கு இது, அதுவும் தாலிபான் தடைக்குப் பிறகு கிடுகிடுவென ஏறிய விலை. ஒரு கிலோ ஹெராயினுக்குச் சுமார் 10 கிலோ அபின் வேண்டும் என்று வைத்தால் மூலப்பொருள் செலவு மூன்றே கால் லட்சம் ரூபாயைச் சுற்றி. அந்த மூன்றே கால் லட்சத்துக்கும் செய்தியில் வரும் 7 கோடிக்கும் நடுவில்தான் மொத்த வியாபாரமும் நடக்கிறது.

## யார் யார் இருக்கிறார்கள்

கடல் சரக்கு எப்போதாவது வருகிற செய்தி. வாராவாரம் மாவட்டச் செய்தியில் வருவது கஞ்சா, அதையே எடுத்துக்கொள்வோம்.

1. விளைவிப்பவர். ஆந்திரா-ஒடிசா எல்லை மலைகள்தான் முக்கிய இடம். ஆந்திராவில் பாடேரு, சிந்தப்பள்ளிப் பக்கம் (இப்போது அல்லூரி சீதாராம ராஜு மாவட்டம்), ஒடிசாவில் கோராபுட், மால்கன்கிரி. பெரும்பாலும் ஏழைப் பழங்குடி விவசாயிகள், வெளியாள் கொடுக்கும் முன்பணத்தில் பயிர் வைப்பவர்கள்.
2. மலையடிவாரத் தரகர். பல கொல்லைகளிலிருந்து வாங்கிச் சேர்த்து, காயவைத்து, அழுத்திக் கட்டி, பழுப்பு டேப் சுற்றிப் பார்சலாக்குபவர்.
3. அனுப்புகிறவர். முதல் போடுபவர் இவர்தான், ஆனால் சரக்கைக் கையால் தொடவே மாட்டார்.
4. குருவி. பையைத் தூக்கி வருபவர். பேச்சுக் கூலிக்கு வருகிறார், லாபத்தில் பங்கு கிடையாது.
5. மாவட்ட மொத்த வியாபாரி. வந்த சரக்கைக் கிலோ, அரைக் கிலோவாகப் பிரித்துத் தள்ளுபவர். சில சமயம் மூன்றாவது ஆளும் இவரும் ஒருவரே.
6. சில்லறைக்காரர். பொட்டலம் போடுபவர்.

குமரி மாவட்டம் இந்த வரிசையில் சந்தையாகவும் இருக்கிறது, வழியாகவும் இருக்கிறது. திப்ருகரிலிருந்து கன்னியாகுமரி வரும் விவேக் எக்ஸ்பிரஸ் அந்த மலைகளின் காலடியில் இருக்கும் விஜயநகரம், விசாகப்பட்டினம் வழியாகத்தான் வருகிறது. 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கே வந்துதான் முடிகிறது. களியக்காவிளையைத் தாண்டினால் இன்னொரு மாநிலம், இன்னொரு போலீஸ், இன்னொரு விலை.

## 500 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம்

கணக்கு புரிவதற்காக நானே சில விலைகளை வைக்கிறேன். இது யாரும் அளந்த புள்ளிவிவரம் இல்லை, ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். பங்குகளின் உருவம்தான் நமக்கு வேண்டியது.

மலையில் கிலோ 3,000. தரகர் கை மாறும்போது 6,000. நாகர்கோவிலில் மொத்த வியாபாரியிடம் சேரும்போது 15,000. அவர் சில்லறைக்காரருக்குக் கொடுப்பது 25,000. சில்லறைக்காரர் 10 கிராம் பொட்டலம் 500 ரூபாய்க்கு விற்றால் கிலோவுக்கு 50,000. அந்த 500 ரூபாய் இப்படிப் பிரியும்:

1. விவசாயிக்கு 30
2. தரகருக்கு 30
3. அனுப்புகிறவருக்கு 90. இதில் குருவிக்கு 4
4. மொத்த வியாபாரிக்கு 100
5. சில்லறைக்காரருக்கு 250

குருவியின் 4 ரூபாய் எப்படி வந்தது என்றால், 25 கிலோவுக்கு 10 ஆயிரம் கூலி, கிலோவுக்கு 400, பொட்டலத்துக்கு 4.

பட்டியலைப் பார்த்தவுடன் பாதிப் பணம் சில்லறைக்காரருக்கா என்று தோன்றும். கூட்டமாகப் பார்த்தால் ஆமாம், ஆளாளாகப் பார்த்தால் இல்லை. ஒரு மொத்த வியாபாரி மாதம் 40 கிலோ தள்ளுகிறார், ஆளுக்கு ஒரு கிலோ வீதம் 40 சில்லறைக்காரர்கள் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 40 பேருக்கும் சேர்த்து 10 லட்சம், ஆளுக்கு 25 ஆயிரம். மொத்த வியாபாரி தனி ஆளாக 4 லட்சம். சதவீதம் கீழே பெருசு, பணம் நடுவில் பெருசு. இந்த விஷயத்தில் பலரும் தடுமாறும் இடமே இதுதான்.

உலக அளவிலும் இதே உருவம்தான் தெரிகிறது. 2009-ஆம் ஆண்டின் கோகெய்ன் வியாபாரத்தில் மொத்த லாபம் சுமார் 8,400 கோடி டாலர் என்று ஐ.நா. அலுவலகம் மதிப்பிட்டது. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் விளைவித்தவர்களுக்குப் போனது அதில் சுமார் 100 கோடி டாலர். வட அமெரிக்காவில் மட்டும் 3,500 கோடி, மேற்கு, மத்திய ஐரோப்பாவில் 2,600 கோடி. விளைகிற இடத்தில் பணம் தங்குவதில்லை, விற்கிற இடத்தில்தான் குவிகிறது.

## விலை ஏன் இப்படி ஏறுகிறது

மலையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு கிலோ எதையும் லாரி சர்வீஸில் போட்டால் பத்து, இருபது ரூபாயில் வந்துவிடும். இங்கே அதே தூரத்துக்கு 9,000 ரூபாய். வித்தியாசம் முழுவதும் ஆபத்துக்கான விலை. ஜெயில், சரக்குப் பறிமுதல், கூட்டாளி ஏமாற்றுவது, கோர்ட்டுக்குப் போய் வசூலிக்க முடியாத கடன், எல்லாம் அதில் அடக்கம். பீட்டர் ராய்ட்டர், மார்க் கிளைமன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-லேயே இதை முன்வைத்தார்கள்: தடைசெய்த பொருளின் விலையில் பெரும்பங்கு, அதைக் கையாள்பவர்கள் எடுக்கும் ஆபத்துக்கான ஈடு.

சரி, ஆபத்துக்குத்தான் பணம் என்றால், அதிக ஆபத்து எடுப்பவருக்குத்தானே அதிகப் பணம் வர வேண்டும்? வருவதில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் பக்கத்து ஆழ்கடல் படகுகளை நினைத்துப் பாருங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து மிச்சத்தில் முதலாளிக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு. மீன்பாடு இல்லை என்றால் எல்லாருக்கும் அடி, நல்ல பாடு என்றால் எல்லார் கையிலும் காசு. குருவிக்கு அப்படி இல்லை. பை வந்து சேர்ந்து லட்சங்கள் வந்தாலும் அவருக்கு 10 ஆயிரம்தான், சேரவில்லை என்றால் பத்து வருட ஜெயில் அவருக்கு மட்டும். அவர் இதற்கு ஏன் ஒத்துக்கொள்கிறார்? வேலை இல்லை, கடன் இருக்கிறது, பையில் என்ன இருக்கிறது என்று முழுசாகத் தெரியாது, தெரிந்தாலும் தண்டனை எவ்வளவு என்று தெரியாது. அவர் இல்லையென்றால் அடுத்த ஆள் நாளைக்கே கிடைப்பார் என்பது அனுப்புகிறவருக்குத் தெரியும். கூலியை நிர்ணயிப்பது அந்த ஒரு விஷயம்தான்.

## பிடிபட்டால் யாருக்கு நஷ்டம்

மேலே வைத்த விலைகளையே வைத்து ஐந்து நடைக்குக் கணக்குப் போடலாம். ஒவ்வொரு நடையும் 25 கிலோ.

1. ஐந்து நடைக்குச் சரக்கு வாங்கிய செலவு ஏழரை லட்சம், குருவிக் கூலி 50 ஆயிரம். மொத்தம் 8 லட்சம்.
2. ஒன்று பிடிபட்டு நாலு வந்து சேர்ந்தால் வரவு 15 லட்சம். லாபம் 7 லட்சம்.
3. இரண்டு பிடிபட்டால் வரவு பதினொன்றே கால் லட்சம். அப்போதும் மூன்றே கால் லட்சம் லாபம்.
4. மூன்று பிடிபட்டால்தான் 50 ஆயிரம் நஷ்டம்.

ஐந்தில் இரண்டைப் பிடித்தாலும் வியாபாரம் நிற்காது. பேப்பரில் பன்னிரண்டரை லட்சம் என்று வந்த பையால் அனுப்புகிறவர் கைமுதலில் போனது ஒன்றரை லட்சம், வக்கீல் செலவு என்று ஏதாவது கொடுத்தால் கொஞ்சம் கூட. பிடித்த போலீஸின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பறிமுதல் தொகையைப் பார்த்து 'முதுகெலும்பை உடைத்துவிட்டார்கள்' என்று எழுதுவது கணக்குத் தெரியாத எழுத்து.

இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் நெருக்கினால்? அதுவும் நடந்தது. 2021 கடைசியில் ஆந்திர போலீஸ் 'ஆபரேஷன் பரிவர்த்தனா' என்று மலையில் செடிகளை அழித்தது, அதே டிசம்பரில் இங்கே டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திரபாபு (நம்ம குழித்துறைக்காரர்தான்) 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை'யைத் தொடங்கினார். இப்படி நெருக்கும்போது சரக்கு குறையும், விலை ஏறும். அந்த ஏற்றம் யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டும். ஏற்கெனவே பதுக்கி வைத்திருப்பவருக்குத்தான். ஆப்கானிஸ்தானில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 2022 ஏப்ரலில் தாலிபான் தடை, 2023-இல் சாகுபடி 95 சதவீதம் வீழ்ச்சி. அபின் விற்று விவசாயிகளுக்கு வந்த வருமானம் 136 கோடி டாலரிலிருந்து 11 கோடி டாலராகச் சரிந்தது. பழைய இருப்பை வைத்திருந்த பெரிய விவசாயிகளும் வியாபாரிகளும் ஏறிய விலைக்கு விற்றார்கள்.

## சில்லறைக்காரரின் 25 ஆயிரம்

ஒரு கிலோ என்றால் 100 பொட்டலம். 100 பொட்டலம் என்றால் 100 தடவை ஒருத்தரை நேரில் பார்க்க வேண்டும், போன் எடுக்க வேண்டும், காசு வாங்க வேண்டும். வாங்கியவர்களில் ஒருத்தர் பஸ் ஸ்டாண்டில் மாட்டினால் அவர் போனில் இவர் நம்பர் இருக்கும். மொத்த வியாபாரி சந்திப்பது சில பேரைத்தான், அதுவும் தெரிந்த முகங்கள். சில்லறைக்காரருக்குச் சதவீதம் அதிகம் என்பதன் காரணம் இந்த 100 சந்திப்புகள்தான்.

அந்த 25 ஆயிரமும் முழுசாகக் கைக்கு வராது. சரக்கு பெரும்பாலும் கடனுக்குத்தான் வரும், விற்றுக் கொடுக்க வேண்டும். வாங்குபவரும் கடன் சொல்வார், சில பேர் திரும்ப வரவே மாட்டார்கள். விற்கிறவரே பழக்கம் உள்ளவராக இருந்தால் பத்துப் பதினைந்து பொட்டலம் அவருக்கே போகும். போலீஸ் சரக்கை எடுத்துக்கொண்டு போனாலும் மொத்த வியாபாரியிடம் வாங்கிய கடன் அப்படியே நிற்கும், அதை அடைக்க இன்னும் அதிகமாக விற்க வேண்டும். காலேஜ் பையன்கள் முதலில் வாங்குபவர்களாக வந்து, கடன்பட்டு, அப்புறம் நண்பர்களுக்குக் கொடுப்பவர்களாக மாறுவது இந்த வழியில்தான்.

சிக்காகோவில் ஒரு போதைக் கும்பலின் சொந்த வரவு-செலவுக் கணக்கையே வைத்து ஸ்டீவன் லெவிட், சுதிர் வெங்கடேஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். தெருவில் நின்று விற்ற அடிமட்டப் பையன்களுக்கு மணிக்குக் கிடைத்தது அங்கே சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி அளவுதான், பல நேரம் அதற்கும் கீழே. அப்படியும் நின்றார்கள், ஒரு நாள் தாங்களும் தலைவனாகலாம் என்ற கணக்கில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சரக்குத் தட்டுப்பாடு வந்தால் பொட்டலத்தின் விலை பெரும்பாலும் ஏறாது, பொட்டலம்தான் சிறுக்கும். 500 ரூபாய்க்குப் 10 கிராம் இருந்த இடத்தில் 7 கிராம் என்றால் கிலோ விலை சத்தமில்லாமல் 71 ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது.

## சட்டம் பார்ப்பது எடையை

என்.டி.பி.எஸ். என்று எல்லாரும் சொல்லும் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் தண்டனை, கையில் இருந்த எடையை வைத்து ஏறுகிறது. கஞ்சாவுக்கு:

1. ஒரு கிலோவுக்குக் கீழே சிறு அளவு. ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்.
2. அதற்கு மேல், 20 கிலோவைத் தாண்டாத வரை 10 வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.
3. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தபட்சமே 10 வருடம், 20 வருடம் வரை போகலாம், ஒரு லட்சம் முதல் 2 லட்சம் வரை அபராதம். 37-ஆவது பிரிவின்படி ஜாமீனும் லேசில் கிடைக்காது, இவர் குற்றவாளி இல்லை என்று நம்பக் காரணம் இருப்பதாக நீதிமன்றத்துக்கே தோன்ற வேண்டும்.

மெத்தாம்பெட்டமைனுக்கு அதே வணிக அளவு 50 கிராமில் தொடங்குகிறது, எம்.டி.எம்.ஏ. என்ற இன்னொரு செயற்கைப் போதைப்பொருளுக்குப் 10 கிராமில். ஒரு சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.

இப்போது 500 ரூபாய்ப் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். 25 கிலோவும் ஒரே ஆள் தோளில் இருப்பது ஒரு கட்டத்தில் மட்டும், அது குருவியின் கட்டம். பொட்டலத்துக்கு 4 ரூபாய் வாங்குபவருக்குத்தான் 10 வருடம். சில்லறைக்காரர் கையில் எப்போதும் கொஞ்சம்தான் இருக்கும், அவர் முதல் வகையில் வருவார், சீக்கிரம் வெளியே வந்துவிடுவார், திரும்பத் திரும்ப மாட்டினால் குண்டர் சட்டம் பாயும். அனுப்புகிறவர் கையில் எடையே இல்லை.

அவருக்கென்று சட்டத்தில் இடமே இல்லை என்று அர்த்தமில்லை. 27-ஏ பிரிவு பணம் போட்டு நடத்துபவருக்கும் 10 முதல் 20 வருடம் என்கிறது, 29-ஆவது பிரிவு சதியில் பங்கெடுத்தவருக்கும் அதே தண்டனை என்கிறது. பிரச்சினை நிரூபிப்பதில். 'இன்னார்தான் கொடுத்து அனுப்பினார்' என்று குருவி போலீஸிடம் சொன்னால் அது சாட்சியம் ஆகாது. மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவு அதிகாரியிடம் சொன்னாலும் ஆகாது என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில். அந்தத் தீர்ப்பு தவறு என்று நான் சொல்ல மாட்டேன், அடித்து வாங்கிய வாக்குமூலத்தில் யாரையும் உள்ளே தள்ளக் கூடாது. ஆனால் அதற்கு ஈடாகப் போன் அழைப்பு, பணப் பரிமாற்றம், லாட்ஜ் ரசீது என்று தேடி எடுத்துக் கோக்கும் வேலை நடக்க வேண்டும். பையோடு ஆள் கிடைத்துவிட்டால் வழக்கு முடிந்துவிட்டது என்று நினைக்கும் பழக்கம்தான் மேல்படிக்காரருக்குப் பெரிய பாதுகாப்பு.

அதே 2020 ஏப்ரலில் வந்த ஹீரா சிங் தீர்ப்பும் இந்தக் கணக்கில் சேரும். கலப்படம் செய்த சரக்கு என்றால் அதில் உள்ள சுத்தமான போதைப்பொருளை மட்டும் எடை போடக் கூடாது, கலந்த மாவையும் சேர்த்தே போட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். கலந்து அளவைக் கூட்டியதில் லாபம் கலந்தவருக்கு, கூடிய எடைக்குத் தண்டனை கையில் வைத்திருப்பவருக்கு.

## பணத்தின் பின்னால் போனால்

எடையைத் தேடிப் போனால் குருவி கிடைப்பார், பணத்தைத் தேடிப் போனால்தான் மற்றவர்கள் தெரிவார்கள். சட்டத்தின் 5-ஏ அத்தியாயம் அதற்காகத்தான் 1989 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. 10 வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை வரக்கூடிய வழக்குகளில் சிக்கியவரின் சொத்து, வங்கிக் கணக்கு மட்டுமல்ல, உறவினர், கூட்டாளி பெயரில் உள்ளதையும் விசாரணை அதிகாரி முடக்கலாம். முடக்கிய உத்தரவை 30 நாளுக்குள் உரிய அதிகார அமைப்பு உறுதிசெய்ய வேண்டும். சொத்து நேர்மையாக வந்தது என்று காட்டும் பொறுப்பு, சொத்து வைத்திருப்பவர் தலையில். கைது தேதிக்கு ஆறு வருடம் முன்னால் வரை வாங்கியதைத் தோண்டலாம், அதற்கு முந்தியதைத் தொட முடியாது. 2022-இல் தென்மண்டல போலீஸ் கஞ்சா வழக்குகளில் உறவினர்களின் கணக்குகளையும் சேர்த்து முடக்கியது இந்த அதிகாரத்தை வைத்துத்தான்.

பொட்டலத்துக்குக் காசு இப்போது பெரும்பாலும் ஜி-பேயில்தான் போகிறது. சில்லறைக்காரர் தன் பெயரில் வாங்க மாட்டார், கூடப் படித்தவன், பக்கத்து வீட்டுப் பையன், அக்கா, அம்மா என்று யாராவது ஒருத்தரின் கணக்கில் விழும், மாதம் ஆயிரமோ இரண்டாயிரமோ அவருக்கு. அந்த ஆயிரம் ரூபாய்க்காரர் பொட்டலத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார். கணக்கு முடக்கப்பட்டு நோட்டீஸ் வரும்போது, தன் கணக்கில் ஒரு வருடமாக 500, 500 ஆக விழுந்த தொகை எங்கிருந்து வந்தது என்று அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.